ரியாக்ட் எனக்கு, ஆங்குலர் அவனுக்கு

எங்கள் இருவருக்கும் நடந்த முதல் பெரிய சண்டை எதைப் பற்றி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சாதி இல்லை, சந்தேகம் இல்லை, இன்னொரு பெண் இல்லை. ரியாக்ட் படிப்பதா, ஆங்குலர் படிப்பதா என்பதுதான் சண்டை. பெரம்பலூர் புதிய பஸ் ஸ்டாண்டில், அரியலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே போட்ட சண்டை. டீ மாஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டு, கல்யாண மண்டபம் பிடிப்பதில் ஏதோ தகராறு என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்திருந்தால் அதில் பெரிய தப்பில்லை. எங்கள் கல்யாணம்தான் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

இணையப் பக்கங்களை ஓடவைக்கிற மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டுவது பெரும்பாடு. அதனால் பாதி வேலையை முன்கூட்டியே முடித்துத் தருகிற கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஃபிரேம்வொர்க் என்று பெயர். எது நல்லது என்று அந்தத் துறைக்காரர்கள் ஓயாமல் அடித்துக்கொள்வார்கள். ரியாக்ட்டை ஃபிரேம்வொர்க் என்று சொல்லிப் பாருங்கள், அது ஃபிரேம்வொர்க்கே இல்லை, வெறும் லைப்ரரி என்று திருத்துவதற்கு ஒருவர் எங்கிருந்தாவது வந்துவிடுவார். அவர் வரட்டும். அந்த வார்த்தையால் என் வாழ்க்கையில் நடந்ததைத் திருத்த அவரால் முடியாது.

நானும் அவனும் பெரம்பலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரே வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தோம். அவன் ஊர் குன்னத்துக்குப் பக்கம். மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் போடுகிற பூமி. என் ஊர் திருமானூரைத் தாண்டி, கொள்ளிடக் கரையோரம். எங்களுக்கு நெல்லும் கரும்பும். நான்கு வருடம் ஒரே கேன்டீனில் ஒரே மாதிரி வேகாத பரோட்டாவைத் தின்று, கடைசி வருடத்தில் மனதில் இருந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். படிப்பு முடிந்தபோது எங்கள் வகுப்பைத் தேடி உருப்படியாக எந்தக் கம்பெனியும் வரவில்லை. கல்லூரி விளம்பரப் பலகையில் மட்டும் கோட்டுப் போட்ட ஒரு பையன் சிரித்துக்கொண்டே இருந்தான். அவன் எங்கள் கல்லூரியில் படித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

அந்தச் சித்திரையிலேயே நான் வீட்டில் சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் மூடி வைத்துப் பழக்கமில்லை. அப்பா கத்தவில்லை. வயலுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

"பையன் என்ன பண்றாப்ல?"

"வேலை தேடறாருப்பா."

"தேடட்டும். கெடச்சதும் வூட்டுக்கு வரச் சொல்லு. தை பொறக்கறதுக்குள்ள ஒண்ணும் ஆவலன்னா நான் வேற எடம் பேசி முடிச்சிடுவேன். அப்ப அழப்படாது, பாப்பா."

அம்மாதான் அடங்கவில்லை. "வானம் பாத்த பூமிக்காரன் வூட்லயா வாக்கப்படப் போற? அங்க குடிக்கவாவது தண்ணி இருக்குமாடி?" என்றாள். மழை பெய்தால் இருக்கும் என்று நான் சொன்னேன். கரண்டி பறந்து வந்தது.

ஆக, தைக்குள் வேலை. வெறும் டிகிரியை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது, ஏதாவது ஒரு ஃபிரேம்வொர்க் தெரிந்திருக்க வேண்டும் என்று சீனியர்கள் எல்லாரும் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. அங்கே பாடம் எடுத்த சார் எங்களிடம், "ஏதாவது ஒண்ண எடுங்க. எடுத்தத ஆழமாப் படிங்க. எல்லாத்துலயும் கைய வெச்சீங்கன்னா ஒண்ணும் ஒட்டாது" என்றார். ரியாக்ட், ஆங்குலர், வியூ என்று மூன்று இருந்தன. வியூவை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நல்ல பிள்ளைதான், ஆனால் நம் பக்கம் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று அவன் சொல்லிவிட்டான்.

மீதி இரண்டில் எது என்பதில்தான் சண்டை.

"ரெண்டு பேரும் ரியாக்ட் எடுப்போம்டா. ஒண்ணா உக்காந்து படிக்கலாம். ஒரே கம்பெனியில சேரலாம்" என்றேன்.

"ரியாக்ட்டுக்கு ஆளே எடுக்கலன்னா? ரெண்டு பேரும் சேந்து தெருவுல நிப்பமா?"

"ஆங்குலருக்கு எடுக்கலன்னா?"

"அதுக்குத்தான் சொல்றேன். நீ ஒண்ணு எடு, நான் ஒண்ணு எடுக்கறேன். எங்க வூட்டுல பருத்தி போட்டா ஊடால உளுந்து போடாம விடமாட்டாங்க. ஓரத்துல சுத்தி ஆமணக்கு. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். ஒருத்தருக்கு வேலை கெடச்சாப் போதும்ல, நம்ம பொழப்ப ஆரமிச்சிடலாம்."

"நாங்க நாலு பக்கமும் நெல்லுதான் போடறோம். நல்லாத்தான் இருக்கோம்."

"உங்களுக்கு ஆறு இருக்கு புள்ள. தண்ணி விட்டா ஊரே ஒண்ணா நடவு நடுவீங்க. நாங்க அப்புடி ஒரே வெள்ளாமையப் போட்டுட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தா செத்துடுவோம்."

நான் விடவில்லை. நிலமும் படிப்பும் ஒன்றா, நீ என்ன உளுந்தா என்று கேட்டேன். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். நாங்கள் மூன்றாம் வருடம் படித்தபோது மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து அவர்கள் போட்டிருந்த சோளம் முழுக்கப் போய்விட்டது. குருத்தையே தின்றுவிட்டது. அந்த வருடம் பாதிக் காட்டில் பருத்தி போட்டிருந்தார்கள். "அந்தப் பருத்தி இல்லன்னா நான் காலேஜ விட்டுட்டு எங்கயாவது போயிருப்பேன். உன்ன அப்பறம் பாத்தே இருக்கமாட்டேன்" என்றான். அதற்கு மேல் பருத்தியை எதிர்த்து என்ன பேசுவது? சரி என்றேன். இரண்டில் ஆங்குலர்தான் கஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை அவன் எடுத்துக்கொண்டான்.

"கஷ்டமானது எனக்கு."

"பெரிய தியாகி" என்றேன்.

இப்போது நினைத்தால் அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்புறம் வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. அவ்வளவு நன்றாக வேறு எப்போதும் நான் இருந்ததில்லை. காலையில் திருமானூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர் என்று இரண்டு பஸ் மாறி வருவேன். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து வரும். மாடி ஏறும்போது என் தலையில் இருக்கிற தூசியைப் பார்த்து, "பவுடர் நெறைய போட்டுட்ட" என்பான். வகுப்பு முடிந்ததும் டீக்கடை. அதற்கப்புறம் என் பஸ் வரும்வரை நின்றபடியே பேச்சு.

அந்தப் பேச்சைப் பற்றித்தான் சொல்லவேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எந்த நேரமும் எங்கள் ஊர்க்காரர் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், உர மூட்டைக்கு வந்தவர், கல்யாணத்துக்குப் போகிறவர். ஒரு பெண்ணும் பையனும் நின்று பேசினால் அவர் காது நீளும். அதனால் நாங்கள் பாடம் பேசினோம். அன்றைக்கு நான் ரியாக்ட்டில் என்ன படித்தேன் என்று அவனுக்குச் சொல்வேன். ஆங்குலரில் என்ன படித்தான் என்று அவன் எனக்குச் சொல்வான். கேட்கிறவருக்கு ஒன்றும் புரியாது, படிக்கிற பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். இடையிடையே ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எங்கள் காதல் முழுக்கப் பாடமாகவே நடந்தது. கையைப் பிடித்ததைவிட, புரோகிராம் எழுதிக் காட்டியதுதான் அதிகம்.

அவன் எதைச் சொன்னாலும் காட்டிலிருந்துதான் எடுத்துச் சொல்வான். ஆங்குலரில் ஒரு வழக்கம் உண்டு. எப்போது வரும் என்று தெரியாத தகவலுக்காகக் காத்திருக்கச் சொல்லி வைக்கலாம். வந்ததும் இன்ன வேலை நடக்கும். ஆனால் அந்தப் பக்கத்தை விட்டுப் போகும்போது அந்தக் காத்திருப்பையும் நிறுத்திவிட்டுப் போகவேண்டும். இல்லாவிட்டால் அது உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். போகப் போக எல்லாம் மந்தமாகிவிடும்.

"தண்ணி எப்ப வரும்னு தெரியாது. வந்தா இங்க பாயணும்னு மடையத் தொறந்து வெச்சிட்டு வந்துடற. சரியா? ஆனா வூட்டுக்குப் போறப்ப மடைய அடச்சிட்டுப் போவணும். இல்லன்னா வய முழுகிடும்."

"உங்க ஊர்ல ஏதுடா மடை?" என்றேன்.

"உங்க ஊரு வயலு. உனக்குப் புரியணும்னுதான் சொல்றேன்."

அவனும் என் பாடத்தை அப்படித்தான் கேட்டான். சும்மா தலையாட்டமாட்டான். ஏன், எதற்கு, இப்படிப் பண்ணினால் என்ன ஆகும் என்று குடைவான். ஒருநாள் அரியலூர் வரை என்னோடு பஸ்ஸில் வந்தான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது, திரும்பி வருவதற்காகவே வந்தான். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து என் பிராஜெக்ட்டைக் காட்டினேன். சர்வரிலிருந்து ஒரு பட்டியலை ஒருமுறை எடுத்துக் காட்டவேண்டிய பக்கம், நிற்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக எனக்குப் பிடிபடவில்லை. அவன் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தான். ஒரு இடத்தில் விரலை வைத்தான்.

"ஒரு தடவ போதும்னு நீ அதுகிட்ட சொல்லவே இல்லயே. பாவம், அது கேட்டுக்கிட்டே கெடக்குது."

அவன் காட்டிய இடத்தில் ஒரு வெற்று அடைப்புக்குறியைப் போட்டேன். நின்றுவிட்டது. "ஆங்குலர்காரனுக்கு ரியாக்ட்ல என்னடா வேலை?" என்று தோளில் குத்தினேன். அவன் சிரித்தான். பல் வரிசையில் ஒன்று மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் இரண்டு தப்புப் பண்ணியிருப்பேன்.

ஐப்பசியில் ஒருநாள் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு பேர் பயிற்சி மையத்துக்கே வந்தார்கள். எங்களுக்கெல்லாம் ஒரு தேர்வு வைத்தார்கள். அதில் தேறிய சிலரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். எடுக்கப்போவது ஒரே ஒரு ஆள்தான் என்று சார் முன்பே சொல்லிவிட்டார். அவனும் தேறியிருந்தான், நானும் தேறியிருந்தேன். அவனை முதலில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"என்னடா?"

"ரியாக்ட்டுக்குத்தான் ஆள் வேணுமாம். தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாது, ஆங்குலர்தான் படிச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி. கொஞ்சம் தெரியும்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அது உன் பாத்தி. நீ போ."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். அவர்கள் கேட்டதெல்லாம் முன்பே அவன் என்னிடம் கேட்டுக் குடைந்த கேள்விகள்தான். எனக்கு வேலை கிடைத்தது.

அன்றைக்கு நாங்கள் இருவரும் அழுதோம். சந்தோஷத்தில்தான். அவன் போட்ட கணக்கு பலித்துவிட்டது. ஒன்று நின்றுவிட்டது. டீக்கடையில் எல்லாருக்கும் அவன்தான் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். அவனுடைய அடுத்த வாய்ப்பு அடுத்த மாதமே வரும் என்று இருவரும் நம்பினோம். எனக்கு வந்தால் அவனுக்கு வராமலா போகும்? என்னைவிட அவன்தான் கெட்டிக்காரன்.

வீட்டில் நான் பயந்துகொண்டேதான் சொன்னேன். பையனுக்கு வேலை கிடைத்ததும் வரச்சொல் என்பது அப்பாவின் பேச்சு. கிடைத்திருப்பது எனக்கு.

"ஒனக்கே கெடச்சிடுச்சே பாப்பா. அப்பறம் என்ன? அந்தத் தம்பிய வரச் சொல்லு" என்றார்.

என் அப்பாவைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வருவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

பொங்கல் முடிந்து அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம். அந்த வெங்காயத்தைப் பார்த்ததும் அம்மா பாதி இறங்கிவந்துவிட்டாள். ஒன்றை எடுத்து நசுக்கி மோந்து பார்த்து, நல்ல காரம் என்றாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா அவனிடம் மழையைப் பற்றிக் கேட்டார், பருத்தி எடுப்பு முடிந்ததா என்று கேட்டார். அப்புறம் ரொம்பவும் அன்பாக, அவன் கூச்சப்படக்கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் பதட்டப்படாதீங்க தம்பி. அதான் பாப்பா சம்பாதிக்குதுல்ல. நீங்க மெதுவாத் தேடிக்கிடலாம்."

எனக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கதவிடுக்கில் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்து தட்டில் இருந்த கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தொடவில்லை. எழுந்து போகும்போது, "ஒரு வருசம் டைம் குடுங்க மாமா" என்றான். அவன் வாயில் வந்த மாமாவைக் கேட்டு அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வருடம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் சென்னைக்குப் போனேன். அவன் மாடி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான். ஆங்குலருக்கு ஆள் எடுத்தார்கள், ஆனால் முன் அனுபவம் கேட்டார்கள். அனுபவம் இல்லாதவர்களை எடுத்த இடங்களில் அடுத்த வருடம் முடித்துவந்த பிள்ளைகளை எடுத்தார்கள். போனில் நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "ரியாக்ட் படிடா. நான் சொல்லித் தர்றேன். ரெண்டு மாசத்துல வந்துடும்." பார்க்கலாம் என்பான். பருத்தி விதைக்கிறோம் என்பான். களை எடுக்கிறோம் என்பான். அவன் அப்பாவுக்கு இடுப்பு முடியாமல் போனது, மருந்தடிக்க இவன்தான் இறங்கவேண்டியிருந்தது. முதலில் தினமும் பேசினோம். அப்புறம் நான் கூப்பிட்டால் பேசுவான். அப்புறம் நான் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டான், ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு இரவு வணக்கம் படம் அனுப்புவான். காதலிக்கு வணக்கம் படம் அனுப்பியவனை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

மறு தையில் ஊருக்கு வந்தபோது நானே பெரம்பலூருக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்கு வா என்று கூப்பிட்டேன். வந்தான். கறுத்திருந்தான். டீ சொன்னான். குடிக்காமல் வைத்திருந்தான்.

"உங்க அப்பாகிட்ட சொல்லிடு. எனக்காக நிக்க வேணாம்."

"என்ன சொல்ற?"

"என்னால முடியல புள்ள. நீ போய் நிக்கற எடத்துக்குப் பின்னால வந்து நிக்க முடியல. உங்க அப்பா தப்பா ஒண்ணும் சொல்லல. நல்லபடியாத்தான் சொன்னாரு. அதான் தாங்க முடியல."

"ஒருத்தருக்கு வேலை கெடச்சாப் போதும்னு நீதானடா சொன்ன? இந்த எடத்துல நின்னுதானே சொன்ன?"

"நெஜமாத்தான் சொன்னேன். சொல்றப்ப லேசா இருந்துச்சு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. ஒன்றாகப் படிக்கலாம் என்றேனே, கேட்டாயா, உன் பருத்தியும் உளுந்தும் நாசமாய்ப் போக என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது அதில் இருந்தார்களா என்று நான் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் முதன்முதலாகப் பாடம் இல்லாமல் பேசினோம். என் பஸ் வந்ததும் சீட் பிடிக்க வழக்கம்போல ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டான். நான் அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாலாஜாநகரம் வரும்வரை அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கக்கூட இரண்டுமுறை யோசித்தார்.

காட்டில் மக்காச்சோளம் செத்தால் பக்கத்தில் இருக்கிற பருத்திக்கு வெயிலும் எருவும் கூடுதலாகக் கிடைக்கும். வீட்டில் எல்லாரும் மிஞ்சியதை நினைத்து நிம்மதி அடைவார்கள். போன பயிரிடம் உனக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் அவனைக் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல்தான் அந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறான்.

அவனுக்கு அடுத்த ஆவணியில் கல்யாணம் ஆனது. கல்லூரித் தோழி ஒருத்தி வைத்திருந்த ஸ்டேட்டஸில் பார்த்தேன். மாலைக்குள் முகம் பாதிதான் தெரிந்தது, அந்த ஒற்றைப் பல் தெரிந்தது. பெண்ணும் அழகாக இருந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இன்றுவரை எனக்கு ஜாதகம் கொண்டுவருகிறார். நான் பார்க்கலாம் என்கிறேன். அந்தப் பார்க்கலாம் யாரிடம் கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

இத்தனை வருடமும் என்னை நிற்கவைத்தது அவன்மேல் இருந்த கோபம்தான். பிடிவாதக்காரன், என் பேச்சைக் கேட்டு ரியாக்ட் படித்திருந்தால் அவனுக்கும் வேலை கிடைத்திருக்கும், அவன் புத்தியே அவனைக் கெடுத்தது, என்னையும் கெடுத்தது. இதை நான் மனதுக்குள் சொல்லாத நாள் குறைவு. பல் விளக்கும்போது சொல்வேன். மின்சார ரயிலில் நிற்கும்போது சொல்வேன். கோபம் இருந்ததால் அழுகை வரவில்லை. அது ஒரு வசதி.

போன மாதம் அந்த வசதியும் போய்விட்டது.

நடவுக்காக ஊருக்கு வந்திருந்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் அனுமதி உண்டு. முற்பகலில் வீடியோ மீட்டிங். எங்களுக்கு ஒரு புதுப் பிராஜெக்ட் வந்திருக்கிறது, வேறு யாரோ எழுதியது, முழுக்க ஆங்குலர். எங்கள் குழுவில் எல்லாரும் ரியாக்ட்காரர்கள். ஆங்குலர் என்று குழுவை நடத்துகிற லீட் சொன்னதும் ஒவ்வொருவர் முகமும் தொங்கிப்போனது. எனக்கும்தான், வேறு காரணத்துக்காக. அந்த வார்த்தையை நான் பல வருடமாக வாயால்கூடச் சொன்னதில்லை.

லீட் திரையில் அந்தப் புரோகிராமைக் காட்டினார். பக்கத்தைத் திறந்து வைத்தால் நேரம் ஆக ஆக மந்தமாகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை, இரண்டு வாரம் எடுத்து எல்லாரும் ஆங்குலர் படித்துவிட்டுத்தான் இதைத் தொடவேண்டும்போல என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்குலர் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அதைப் படித்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் புரிந்தது. வரிக்கு வரி அவன் குரல் கேட்டது. கண் கீழே இறங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றது.

"மடைய அடைக்காமப் போயிருக்காங்க" என்றேன்.

"என்னங்க?"

"சாரி சார். சப்ஸ்கிரிப்ஷன மூடாம விட்டுருக்காங்க. அது உள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு. பக்கத்த விட்டுப் போறப்ப நிறுத்தணும்." எந்த இடத்தில், எப்படி என்று சொன்னேன். லீட் அங்கேயே மாற்றிப் பார்த்தார். சரியாகிவிட்டது.

"உங்கள ரியாக்ட் ஆள்னுல்ல நெனச்சேன். இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதே எனக்கு அது உறைத்தது.

நின்றபடியே காதில் வாங்கியதை வைத்து எனக்கே இவ்வளவு தெரியும். அப்படியென்றால் அவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? நான் சொன்னதையெல்லாம் குடைந்து குடைந்து கேட்டவன். இரண்டு நாள் எனக்குப் பிடிபடாததை அரியலூர் பெஞ்சில் ஒரே பார்வையில் கண்டுபிடித்தவன். அவன்தான் அந்த அறைக்குள் போய், ரியாக்ட் தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொன்னான். இடம் ஒன்றுதான் இருந்தது. அடுத்ததாக உள்ளே போகவேண்டியவள் நான். அவன் தெரியும் என்றிருந்தால் அவனைத்தான் எடுத்திருப்பார்கள். தைக்குள் வேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து கேசரி தின்றிருப்பான். இன்றைக்கு நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். குன்னத்தில் இருந்திருப்பேன், அல்லது அவனோடு சென்னையில் இருந்திருப்பேன். எங்கே என்றாலும் அவனோடு இருந்திருப்பேன்.

விட்டுக்கொடுத்துவிட்டு, கொடுத்ததைச் சொல்லாமலும் இருந்துவிட்டு, அந்தப் பாரத்தைத் தாங்கவும் முடியாமல் போனவனை நான் இத்தனை வருடமாகப் பிடிவாதக்காரன் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இனி திட்டவும் முடியாது. போன் போட்டுக் கேட்கவும் முடியாது, அவன் வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள். கோபம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெளியே நடவுக்கு வந்த பெண்கள் யாரோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது, வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

லீட் பேசிக்கொண்டே இருந்தார். "ரெண்டும் தெரிஞ்ச ஆள் கெடைக்கறதே இல்லங்க. உங்கள மாதிரி உங்க ஊர்ப்பக்கம் வேற யாராவது இருந்தா சொல்லுங்க. நேராக் கூப்பிட்டு எடுத்துக்கலாம்."

"ஒருத்தர் இருக்கார் சார்" என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது.

"அப்படியா? நல்லாத் தெரியுமா அவருக்கு?"

"என்னவிட நல்லாத் தெரியும் சார்."

"அப்பறம் என்ன, இன்னிக்கே பேசிடலாமே. நம்பர் குடுங்க."

"வேணாம் சார். கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுவார்."

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். நான் கேமராவை அணைத்துவிட்டேன்.